இடைவெளி நீக்கு

ஏப்ரல் 7

தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் அந்த விளையாட்டைப் போனிலிருந்து தூக்கிவிட்டேன். நூறாவது நிலை வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதற்கப்புறம் ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் ஒரு வாத்து வந்து கதை சொல்கிறது. வாத்தின் குளம் வற்றிவிட்டதாம், பிள்ளைகள் எல்லாம் பட்டினியாம். தாண்டிப் போக ஒரு பொத்தான் வைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? பம்பு செய்யும் கம்பெனியில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஒரு மெஷினிலிருந்து இறங்கும் பொருள் அடுத்த மெஷினில் ஏறும்வரை எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று கண்டுபிடித்து அதை வெட்டத்தான் எனக்குச் சம்பளம். என்னிடம் வந்து வாத்துக் கதை சொன்னால் எப்படி? பத்துக்கு மூன்று மதிப்பெண்.

இதையெல்லாம் டைரியில் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. கம்பெனி கொடுத்த டைரி, மளிகைக் கணக்குக்கு ஆகும் என்று கிடந்தது. முன்பு சாயங்காலம் வந்ததும் மனைவி கலாமணியிடம் சொல்லித் தீர்த்துவிடுவேன். எந்த விளையாட்டு தண்டம், எந்தப் புத்தகம் இழுவை, எந்தச் செயலி காசு பிடுங்குகிறது எல்லாம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே "ம்" கொட்டுவாள். பிப்ரவரியில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். புற்று. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள், இனிமேல் மூச்சு அதன் வழியாகத்தான்.

"ம்" கொட்டுவதற்கும் குரல்வளை வேண்டும் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

ஏப்ரல் 9

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தாரணி, கலாமணியின் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். தமிழில் அடித்தால் அது சத்தமாக வாசிக்கும். வாசிப்பது செய்தி படிக்கிற பெண்ணின் குரல். "பால் பொங்குது" என்று அடித்தால் ஏதோ அணை நிரம்பியதை அறிவிப்பதுபோல நிறுத்தி நிதானமாகச் சொல்கிறது. அதற்குள் பால் அடுப்பெல்லாம் ஓடிவிடுகிறது. எங்கள் கோயமுத்தூர்ப் பேச்சை அடித்தால் திணறுகிறது. நான்கு மதிப்பெண். அதுவே அதிகம்.

அதைவிடக் கஷ்டம் காத்திருப்பது. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே, தவறு விழுந்தால் திரும்பிப் போய்த் திருத்திவிட்டு வருகிறாள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து மீதியை நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்கும் சிரமம் மிச்சம். இன்று காலை "சாயங்காலம் வர்றப்ப" வரைக்கும் அடித்திருந்தாள்.

"தயிர்தானே? வாங்கிட்டு வந்தர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

விரலை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சாயங்காலம் தயிரோடு வந்தால் ஃபிரிட்ஜில் ஏற்கெனவே ஒரு டப்பா இருக்கிறது.

ஏப்ரல் 13

மலை ரயில் பாதை போட்டவர்களைப் பற்றிய தடித்த நாவல் ஒன்றை ஆபீசில் எல்லாரும் புகழ்ந்தார்கள் என்று வாங்கினேன். முதல் தண்டவாளம் போடுவதற்குள் இருநூறு பக்கம். மழை பெய்கிறது, பனி இறங்குகிறது, மறுபடி மழை. ஆசிரியருக்கு ஊட்டியில் வேறு வேலையில்லை போலிருக்கிறது. ஐந்து மதிப்பெண், அதுவும் அட்டைக்காக.

புத்தகம் என்றால் எனக்கு இனிக் காதால் கேட்பதுதான். 'கேள்வரி' என்கிற ஒலிப்புத்தகச் செயலியை நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். தயங்காமல் பத்துக்குப் பத்து கொடுப்பேன். காரணம் அதன் அமைப்புப் பக்கம். வேகத்தை ஒன்றேகால் என்று வைத்துவிடலாம். அதற்குக் கீழே 'இடைவெளி நீக்கு' என்று ஒரு பொத்தான். வாசிக்கிறவர் எங்கெல்லாம் சும்மா நிற்கிறாரோ அதையெல்லாம் அதுவே வெட்டிவிடும். ஒரு தரம் போட்டுவிட்டால் எல்லாப் புத்தகத்துக்கும் அதுதான். கம்பெனி பஸ்ஸில் போக வரவே எத்தனை புத்தகம் முடித்திருக்கிறேன். இதைக் கண்டுபிடித்தவன் என் சாதிக்காரன், அதாவது தொழிலில்.

கலாமணியும் இந்தக் கேள்வரிக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேலையை விட்டபிறகு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதினொரு புத்தகம் வாசித்தாள். பதினொன்றையும் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. பாயசம் வைத்தாள். அடிப்பிடித்துவிட்டது. மூக்கு வழியாக மூச்சு போகாவிட்டால் வாசனையும் தெரியாதாம், இதை எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு தம்ளர் குடித்தேன்.

ஏப்ரல் 17

கேஸ் கசிந்தால் கூவும் கருவி ஒன்று வாங்கிச் சமையலறையில் மாட்டினேன். ஊதுபத்திக்கும் கூவுகிறது, கடுகு தாளித்தாலும் கூவுகிறது. இந்த வீட்டில் இப்போது வாய்விட்டுக் கத்துகிற ஒரே ஆள் அதுதான். ஆறு மதிப்பெண்.

ஏப்ரல் 22

கேள்வரியை மூடுகிறார்களாம். மே முப்பத்தொன்றோடு சரி. "உங்களோடு பயணித்ததில் மகிழ்ச்சி" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. வாங்கிய புத்தகங்கள் என்ன ஆகும் என்று தேடினால் அடியில் பொடி எழுத்தில், நாங்கள் வாங்கியது புத்தகம் அல்ல, கேட்கும் உரிமைதான் என்று போட்டிருக்கிறான். நல்ல உரிமை! கடையில் சட்டை வாங்கியவனிடம், கடையை மூடுகிறேன், சட்டையைக் கழற்று என்று சொல்வதுபோல இருக்கிறது. பதிவிறக்கினாலும் அந்தச் செயலிக்குள்ளேதான் திறக்கும். செயலி போனால் எல்லாம் போச்சு. கொடுத்த பத்தையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கலாமணியிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

ஏப்ரல் 26

தாரணி போன் செய்தாள்.

"அப்பா, ஒரு விஷயமுங்க. சொந்தக் குரல்லயே பேச வெக்கற செயலி வந்துருக்குது. அம்மாவோட பழைய குரல் சுத்தமா ஒரு அரை மணி நேரம் குடுத்தா போதும். அப்புறம் அம்மா என்ன அடிச்சாலும் அம்மா குரல்லயே பேசும்."

இரண்டு மாதத்தில் முதல்முறையாக நல்ல சேதி. ஆனால் குரலுக்கு எங்கே போவது? கல்யாண வீடியோக்களில் நாதஸ்வரத்துக்கு நடுவே அவள் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. என் போனில் அவள் குரல் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் இடம் காலி செய்துவிடுவது என் பழக்கம். தாரணியிடம் மூன்று குரல் செய்திகள் இருந்தன, அனுப்பினாள். மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடம் தேறாது. ஒன்றில் கொழுக்கட்டைக்கு மாவு பிசையும் பக்குவம், ஒன்றில் காய்ச்சலுக்கு மாத்திரை, இன்னொன்றில் சும்மா விசாரிப்பு. மூன்றும் ஒரே மாதிரி முடிகிறது.

"அப்பா வந்துட்டாங்க கண்ணு, வெச்சர்றேன்."

கேள்வரியில் இருக்கும் புத்தகங்களை விட்டால் வேறு வழியில்லை. ஒரு மாதம் இருக்கிறது.

ஏப்ரல் 28

கலாமணி முதலில் "வேண்டாமுங்க" என்று அடித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு தன் குரலை அவள் கேட்டதே இல்லை. நான் போட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவியைக்கூட ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள், ஈயம் பூசுகிற சத்தம் மாதிரி இருக்கிறதாம்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனை நீட்டினாள். "சரி, பண்ணுங்க. எடுக்கறப்ப நான் கேக்க மாட்டேன்."

எதற்கு இவ்வளவு பாடு என்று இங்கேயாவது எழுதிவைக்கிறேன். சமையலறையிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவது "ஏனுங்க" என்று. அந்த 'ங்க' லேசாக இழுபட்டு ஹாலைத் தாண்டி வந்து சேரும். அப்போதெல்லாம் "வந்தாச்சு வந்தாச்சு, சொல்லு சீக்கிரம்" என்பேன். அதை ஒரே ஒரு தரம் கேட்க வேண்டும். வேறொன்றுமில்லை.

மே 3

ஆர்.எஸ்.புரம் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஒலிப்பதிவு செய்கிற பிரான்சிஸ் என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"அக்கா எப்படி இருக்கறாங்க சார்?"

"இருக்கறா."

மூலப் பதிவு எதுவும் இல்லையாம். புத்தகம் முடிந்ததும் கேள்வரிக்குக் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் இங்கே அழித்துவிடுவார்களாம், இடம் போதாது என்று. போனில் இடம் காலி செய்கிற நான் இதற்கு என்ன சொல்வது?

டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு பிரான்சிஸ் பேசிக்கொண்டே இருந்தார். "மத்தவங்க ரெகார்டிங்ல மூச்சு சத்தத்தை வெட்டிப்போடுவேனுங்க சார். அக்காதுல மட்டும் கை வெக்க மாட்டேன். அந்தத் தேயிலைத் தோட்டத்து நர்ஸ் கதையில, கொழந்தை அழுகலன்னு ஒரு எடம் வருமில்ல? அதுல அக்கா ஒரு மூச்சு எடுத்துட்டு நிப்பாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அழுதுட்டேனுங்க."

அந்தப் புத்தகத்தை நானும் கேட்டிருக்கிறேன். அப்படி ஓர் இடம் எனக்கு ஞாபகம் இல்லை. இந்தக் கலைத்துறை ஆட்களுக்கு எல்லாமே கொஞ்சம் மிகைதான்.

மே 6

கேள்வரிக்கு நான்கு மின்னஞ்சல் போட்டேன். நான்குக்கும் ஒரே பதில். "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்."

மே 10

இன்று பதிவு செய்ய ஆரம்பித்தேன். செயலிக்குள்ளிருந்து நேராக எடுக்க முயன்றால் திரை கறுத்துவிடுகிறது, திருட்டுக்கு எதிரான ஏற்பாடாம். அதனால் என் போனில் புத்தகத்தை ஓடவிட்டு, பக்கத்தில் தாரணி விட்டுச்சென்ற பழைய போனை வைத்துப் பிடிக்கிறேன். படுக்கையறைக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, இடுக்கில் துண்டைத் திணித்து, ஃபேனையும் நிறுத்தியாயிற்று. மே மாதம். பத்து நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கேஸ்காரன் சிலிண்டரைத் தட்டினால் அந்த அத்தியாயம் வீண். மாடி வீட்டுக்காரர் மிக்சி போட்டால் அதுவும் வீண். போய்க் கெஞ்சினேன். "அக்காவுக்குங்களா? சட்னியே வேண்டாமுங்க" என்றுவிட்டார் அந்த வீட்டம்மா.

தேயிலைத் தோட்டத்து நர்ஸ் நாவலைத்தான் எடுத்திருக்கிறேன். அவள் வாசித்ததில் பெரியது அதுதான், ஒன்பது மணி நேரம். அரை மணி நேரம் போதும் என்றாள் தாரணி. எனக்கு முழுதும் வேண்டும். கட்டில் விளிம்பில் வியர்வையோடு உட்கார்ந்து கேட்டேன். அதே குரல். வடவள்ளியிலிருந்து கம்பெனி வரை நான்கு வருடம் என் காதில் ஓடிய அதே குரல். சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெளியே வந்தபோது கலாமணி இரண்டு தம்ளரில் காபி வைத்திருந்தாள். அவளால் இப்போது ஊதிக் குடிக்க முடியாது. அவள் காபி ஆறட்டும் என்று காத்திருக்க, என்னுடையதும் ஆறிக்கொண்டிருந்தது. அவளுடையதை வாங்கி நாலு ஆற்று ஆற்றிக் கொடுத்தேன்.

மே 24

முடித்துவிட்டேன்! மூன்று ஞாயிறு போதாமல் நடுவில் இரண்டு நாள் லீவு வேறு. ஒன்பது மணி நேரப் புத்தகம், நான் போட்டுவைத்திருந்த திட்டத்துக்கு முன்னாலேயே ஆறரை மணிக்குள் அடங்கிவிட்டது. கம்பெனியில் இப்படி ஒரு வேலையை முடித்தால் கைதட்டுவார்கள். இன்னும் மூன்று புத்தகமும் எடுத்தேன். சுத்தமான ஒலி, ஒரு காக்கை கிடையாது.

இன்றைக்கு எனக்கு நானே எட்டு மதிப்பெண் போட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 1

கேள்வரியைத் திறந்தால் வெள்ளைத் திரை. நடுவில் "நன்றி" என்று மட்டும். போகட்டும். எங்களுடையதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஜூன் 4

பதிவுகளைக் குரல் செய்கிற செயலிக்கு ஏற்றியாயிற்று. சில நாள் ஆகுமாம். அதுவரை பொழுது போக மீன் பிடிக்கிற விளையாட்டு ஒன்றை இறக்கினேன். தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மீன் சீக்கிரம் வராது. யார் இதையெல்லாம் காசு போட்டுச் செய்கிறார்கள்? ஆனால் அழிக்கவில்லை. கலாமணி வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு மீன் பிடித்தாள்.

ஜூன் 8

குரல் வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாரணி போனிலேயே சொல்லச் சொல்ல, கலாமணியின் போனில் ஏற்றினேன். கலாமணி கட்டிலில் உட்கார்ந்து கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மேடையேறுகிறவள்போல முகம். அவள் அடிக்க ஆரம்பித்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"ஏனுங்க காபி ஆறிப்போச்சு எடுத்துக்குங்க."

அவள் குரல். அவளேதான். எனக்குக் கண் மறைத்துவிட்டது. திரும்பி, "கலா!" என்றேன். போனில் தாரணி அழுவது கேட்டது.

கலாமணி அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அழுத்தினாள். "ஏனுங்க காபி ஆறிப்போச்சு எடுத்துக்குங்க." இன்னொரு தரம். பிறகு பழைய செய்திக் குரலுக்கு மாற்றிவிட்டு அடித்தாள்.

"இது யாருங்க?"

"நீதான். வேற யாரு?"

"நான் இப்படிப் பேச மாட்டேன். இவ மூச்சே விடாமப் பேசறா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வாரம் அந்த அறைக்குள் வெந்திருக்கிறேன். "உன் குரலையே நீ மறந்துட்டியா? வேணும்னா கேளு" என்று, பதிவு செய்த போனை எடுத்து நாவலின் நடுவில் ஓரிடத்தைப் போட்டேன். இந்தத் தடவை அவள் எழுந்து போகவில்லை. தலையைக் குனிந்து கேட்டாள். ஒரு நிமிடம் இருக்கும். கையை நீட்டி நிறுத்தினாள். பிறகு வெகுநேரம் அடித்தாள். நான் பொறுமையாக நின்றேன்.

"நீங்க கேள்வரியில எந்த வேகத்துல கேப்பீங்க?"

"ஒன்றேகால்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒன்றேகால். அதற்குக் கீழே அந்தப் பொத்தான். தாரணி பேசிக்கொண்டிருந்த என் போனிலேயே கேள்வரியைத் திறந்தேன், என்னவோ இனி மாற்றிவிடலாம் என்பதுபோல. வெள்ளைத் திரையில் "நன்றி" என்று இருந்தது.

நிமிர்ந்தபோது அடுத்த கேள்வியை அடித்து வைத்திருந்தாள். செய்திக் குரல் வாசித்தது.

"என் புஸ்தகத்தையுமா?"

தாரணி "அப்பா, அப்பா" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கலாமணி எழுந்து போய்ப் பருப்பை ஊறப்போட்டாள்.

ஜூன் 9

கம்பெனிக்குப் போகவில்லை.

ஜூன் 11

பிரான்சிஸிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒன்றும் திட்டவில்லை. "வேகத்தைக் கொறைக்கறது பெரிய விஷயமில்லீங்க சார்" என்றார். அந்த வார்த்தைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன். அரை மணி நேரம் திரையில் எதையெதையோ இழுத்தார். ஹெட்போனை என் காதில் மாட்டினார்.

கலாமணி. நிதானமாக, கனமாக, நான் கேட்டே இராத கலாமணி. இப்படித்தான் வாசித்தாளா? நான்கு வருடம் இதை வைத்துக்கொண்டா நான் பஸ்ஸில் அதைக் கேட்டேன்?

"அவ்ளோதானுங்களா? சரியாப் போச்சா?" என்றேன்.

பிரான்சிஸ் உதட்டைக் கடித்தார். "குரல் வந்துருச்சுங்க சார். மூச்சு இல்லீங்களே."

அந்தக் குழந்தை அழாத இடத்தைப் போட்டுக் காட்டினார். நர்ஸ் குழந்தையைத் தலைகீழாகப் பிடிக்கிறாள், முதுகில் தட்டுகிறாள், அழவில்லை, மறுபடி தட்டுகிறாள். ஒரு வாக்கியத்தின் வாலில் அடுத்த வாக்கியம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அங்கே என்ன இருந்ததோ அது இல்லை. திரையில் ஒலி ஒரே சுவராக நிற்கிறது, சந்து இல்லை.

"வெட்டினது வெட்டினதுதானுங்க சார். இழுத்தாலும் வராது. வெறும் இடைவெளி வேணா நான் போட்டுக் குடுக்கறேன். எங்க, எவ்வளவுன்னு அக்காதான் சொல்லணும்."

அக்கா சொல்வாள். அவளுக்குத் தெரியாததா? ஆட்டோவில் வரும்போது எனக்குள் மறுபடி ஒரு துள்ளல்.

ஜூன் 14

இரண்டு நாள் கேட்காதவள் இன்று ஒப்புக்கொண்டாள். நாவலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏற்பாடு இதுதான்: அவள் சத்தமில்லாமல் உதட்டால் வாசிக்க வேண்டும், எங்கே நிறுத்துகிறாளோ அங்கே நான் புதிதாக வாங்கிவந்த இன்னொரு பிரதியில் கோடு போட வேண்டும். குழந்தை அழாத பக்கம். விரலை முதல் வரியில் வைத்தாள்.

உதடுகள் அசைந்தன. வீட்டில் சத்தமே இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தேன். நர்ஸ் குழந்தையைத் தூக்கினாள். தட்டினாள். மறுபடி தட்டினாள். விரல் வரிவரியாக இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டது. நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. அவள் எங்கேயும் நிற்கவே இல்லை.

கழுத்துத் துணி மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் உதட்டுக்கும் சம்பந்தமே இல்லை. வேறொருவர் பக்கத்தில் தூங்குவதுபோல அது பாட்டுக்கு நடக்கிறது.

அவளுக்கும் புரிந்துவிட்டது. மறுபடி மேலிருந்து தொடங்கினாள். ஓரிடத்தில் வேண்டுமென்றே நின்றாள். தலையை ஆட்டினாள், இது இல்லை என்று. இன்னோர் இடத்தில் நின்றாள். அதுவும் இல்லை. மூன்றாம் தடவை பாதியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். செய்திக் குரல் தன் பாணியில் நிறுத்தி நிதானமாக வாசித்தது.

"எங்க நிறுத்தறதுன்னு நான் யோசிச்சு வாசிச்சதில்லீங்க. மூச்சு தீர்ற எடத்துல நிப்பேன். இப்ப தீர மாட்டேங்குது."

ஜூன் 15

பிரான்சிஸுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செய்த குரலைக் கலாமணி அழிக்கச் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமானால் சமையல் மேடையில் தம்ளரைத் தட்டுகிறாள்.

ஜூன் 22

எந்தப் புதுச் செயலியும் இறக்கவில்லை. பஸ்ஸில் காதில் ஒன்றும் மாட்டாமல் வந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் குறட்டை விட்டார். அவர் இரண்டு குறட்டைக்கு நடுவே எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கலாமணியிடம் கேட்டேன். "அன்னிக்கு ஒரு நாள் காலையில, சாயங்காலம் வர்றப்பன்னு ஏதோ அடிச்சே. நான் தயிர்னு சொல்லிட்டு ஓடிட்டேன். என்ன கேக்க வந்தே?"

மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். ஒரு தவறு விழுந்தது, போய்த் திருத்தினாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"சாயங்காலம் வர்றப்ப எதையாச்சும் திட்டிட்டே வருவீங்களே. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒண்ணுமே சொல்றதில்லை. ஏன்னு கேக்க வந்தேன்."

இந்த டைரி ஹாலில் மேசைமேல் கிடந்தது. மூன்று மாதமாக அவளிடம் சொல்லாததெல்லாம் அதில் இருக்கிறது. எடுத்து வந்து வாசித்துக் காட்டலாமா என்று தோன்றியது. வேண்டாம் என்று, எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"குழாய் வெளையாட்டு ஒண்ணு இருந்துச்சு" என்றேன். "அதுல ஒரு வாத்து வருது."

நிறுத்தினேன். "ம்" வர வேண்டிய இடம் அது.

"அதோட குளம் வத்திப்போச்சாம்."

மறுபடி நிறுத்தினேன். அவள் மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்திருந்தாள். தோல் உரியும் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாமல், அடுத்த வரியைச் சொன்னேன்.